தட்டில் யார் பெயர்?

இசைத்தட்டு திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றிருக்கின்றன, சிடி 3.3 கோடிதான். எண்ணிக்கையில் தட்டு சிடியைத் தாண்டியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. அந்த அலை இங்கேயும் அடிக்கிறது. சினிமாவுக்கு வெளியே தாங்களே எழுதி, தாங்களே இசையமைத்து வெளியிடும் இண்டி ராக் குழுக்கள், ஆல்பத்தை இணையத்தில் ஏற்றிய கையோடு வினைலும் போடுகின்றன. டெல்லியின் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ. குழுவின் ‘பிஸ்மில்லா’ (2019), ‘பீட்டா’ (2024) இரண்டும் அப்படித் தட்டாகவும் வந்தவை. இப்போது புதுத் தட்டு ஒன்று சுமார் 3,000, 4,000 ரூபாய். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேன் ஏறி ஒரகடத்துக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம். தட்டைச் சுழற்றும் பிளேயரின் விலை தனிக்கணக்கு.

அதனால் நம் தோழர்கள் பலருக்கு வினைல் என்றாலே நக்கல். அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், மணி பிளாண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற அலங்காரப் பொருள் என்பார்கள். கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் கருத்து வேறு. ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’வின் ‘மகிழ்ச்சி’ போன்ற ஆல்பங்களும், கானாவும் ஒப்பாரியும் பறையும் தட்டில் வர வேண்டும். யாருக்காக, யார் பெயரில், யார் கையில் உரிமை இருக்கும்படி வர வேண்டும் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இசைத்தட்டு ஒருபோதும் வரவேற்பறைப் பொருளாக இருந்ததில்லை. அது மைக் செட்காரரின் பெட்டியில் இருந்தது. கேசட் வருவதற்கு முன்னால் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கூழ் வார்த்தல், காதுகுத்து எல்லாவற்றுக்கும் வாடகைக்கு வந்தது அந்தப் பெட்டிதான். வேப்ப மரத்திலோ மூங்கிலிலோ குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ‘ரெக்கார்டு’ போட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். தட்டைத் தொட்டவர் ஒருவர், கேட்டவர்கள் ஆயிரம் பேர். யாரும் தட்டைச் சொந்தமாக வைத்திருக்கவில்லை, பாட்டு எல்லோருக்கும் கிடைத்தது. இதில் சாதி இல்லாமலில்லை. ஊர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் எந்தத் திசையிலும் பார்க்கலாம். காலனித் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தால் தகராறு. எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் இப்படிப்பட்ட கதை ஒன்றாவது கிடைக்கும். குரல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் எல்லை போட்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த தட்டுகளில் யார் பாடினார்கள்? 1902இல் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்ததிலிருந்து இந்தியத் தட்டின் கதை தொடங்குகிறது. அடுத்த சில ஆண்டுகளில் தென்னாட்டுக் குரல்கள் வந்தன: கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, எங்கள் காஞ்சிபுரத்துத் தனகோடி அம்மாள். தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள் இவர்கள். ‘குடும்பப் பெண்கள்’ பாடத் தயங்கிய காலத்தில் குழாய்க்கு முன்னால் நின்று பாடி, அந்தப் புதுத் தொழிலுக்குச் சந்தையை உண்டாக்கித் தந்தவர்கள். சந்தை உருவான பிறகு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். கச்சேரி மேடை ‘தூய்மை’ செய்யப்பட்டது, தேவதாசிப் பெண்கள் ஓரம் கட்டப்பட்டார்கள், கர்நாடக சங்கீதத்துக்குப் புதிய சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதே காஞ்சிபுரத்திலிருந்து வந்த டி.கே. பட்டம்மாளின் பெயர் இன்று எல்லோருக்கும் தெரியும். தனகோடி அம்மாள் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். பட்டம்மாளைக் குறைத்துச் சொல்லவில்லை. பிராமணப் பெண் பொது மேடையில் பாடுவதற்கு எதிராக இருந்த தடையை உடைத்தவர் அவர். ஆனால் ஒரே ஊரின் இரண்டு குரல்களில் எது நினைவில் தங்கியது, எது தங்கவில்லை என்பது தற்செயலாக நடந்ததா?

இவ்வளவுக்கும் தனகோடி அம்மாளின் பெயர் தட்டில் அச்சாகியிருந்தது. அதனால்தான் நூறு ஆண்டு கழித்து ஆய்வாளர்களும் சேகரிப்பாளர்களும் தேடிப் பிடிக்க முடிந்தது. சேரிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சேரி தட்டில் வந்தபோது நந்தனாராக வந்தது. கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தன், தில்லைக்குப் போக ஆண்டையிடம் கெஞ்சுகிற நந்தன். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி அந்த வேடத்தில் நடித்தது அன்றைக்குப் பெரிய செய்தி. 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். பறையரின் குரல் என்று வீடுகளுக்குள்ளும் மைக் செட்டிலும் போய்ச் சேர்ந்தது இந்தக் கெஞ்சல்தான். அறுப்புக் களத்தில், சாவு வீட்டில், கூத்து மேடைக்குப் பின்னால் ஒலித்த உண்மையான குரலைப் பதிவு செய்ய எந்தக் கம்பெனி ஏஜெண்டும் சேரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போகவில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அப்போது மூன்று நிமிடம்தான் கொள்ளும். கீர்த்தனையைச் சுருக்கி அதில் அடக்கினார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தையும், பிணம் எடுக்கும்வரை நிற்காத அடியையும் யார் சுருக்குவது, யாருக்காகச் சுருக்குவது?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வினைல் வருவதற்கு முன்பு, அந்தப் பழைய தட்டுகள் செய்யப்பட்டது அரக்கில். உலகத்துக்கே அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து அதைச் சுரண்டி எடுத்தவர்கள் ஆதிவாசிகள். நியூயார்க்கிலும் லண்டனிலும் சுழன்ற தட்டில் அவர்கள் உழைப்பு இருந்தது.

உத்திரமேரூரில் பதிவு என்றால் அது கல்தான். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் பிரதமரும் உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தக் கல்லில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் தெரியும்: வரி கட்டும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சதுர்வேதிமங்கலத்துச் சபையின் விதிகள் அவை. நிலத்தை உழுதவர்களின் பெயர் ஓலையில் எழுதிக் குடத்தில் போடப்படவில்லை. அதே சோழர் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘பறைச்சேரி’யும் ‘தீண்டாச்சேரி’யும் வருகின்றன, வரி விலக்கு பெற்ற நிலப்பகுதிகளின் பட்டியலில். ஆட்களாக வரவில்லை, இடமாக வருகிறோம். ஆயிரம் ஆண்டு நிற்கிற பதிவில் நமக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ‘எல்லாம்தான் யூட்யூபில் இருக்கிறதே, தட்டு எதற்கு’ என்று தோழர்கள் கேட்கும்போது எனக்கு இந்தக் கல் நினைவுக்கு வருகிறது. எது நிற்கும், எது நிற்காது என்பதை வைத்துத்தான் ஆதிக்கம் தன் வரலாற்றை எழுதிக்கொண்டது.

நம் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இதழ் தொடங்கியபோது பெயரிலேயே விலையைப் போட்டார்: ‘ஒரு பைசாத் தமிழன்’. யார் வாங்கிப் படிக்க வேண்டும் என்று நினைத்தாரோ அவர்கள் கைக்கு எட்டும் விலை. 1914இல் அவர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் பொதுத் தமிழ் அறிவுலகத்துக்கு அவர் யாரென்றே தெரியாது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வந்தபோது நாம் வியந்துபோனோமே, அது எப்படிச் சாத்தியமாயிற்று? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்த் தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால். தாள் இருந்தது, ஆகவே பண்டிதர் திரும்பி வந்தார். அவர் அன்றைக்கு எழுதியதெல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் இருந்து, கம்பெனி கணக்கை மூடியிருந்தால்? பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்கிற சொல்லிலிருந்துதான் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தன் பெயரையே எடுத்துக்கொண்டது. ஒரு பைசாவுக்கு விற்ற தாள் பிழைத்துக் கிடந்ததால் கிடைத்த பெயர் அது.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் அந்தக் குழு முதல்முறை மேடையேறியது. பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், கிடாரும் டிரம்ஸும், கூடவே சாவு ஊர்வலத்துச் சட்டியும் கட்ட மோளமும். மார்கழியில், சபாக்களின் மாதத்தில், மாட்டுக்கறியையும் இடஒதுக்கீட்டையும் பாடினார்கள். அந்த ஆண்டே ‘மகிழ்ச்சி’ ஆல்பம் வந்தது. என் தலைமுறைக்கு அது பெரிய நிகழ்ச்சி. ராக் என்றால் ஆங்கிலம், ஐஐடி கலைவிழா, நகரத்து மேல்தட்டு என்று இருந்ததை ஒரே மாலையில் உடைத்தார்கள். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் கானா பாடகி இசைவாணியின் பெயர் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ கிராமத்துக் கலைஞர்களையும் மேடைக்குக் கொண்டுவந்தது.

இவை எல்லாமே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் செல்போன் வழியாகத்தான். கம்பெனி வேனில் விடியற்காலை ஐந்து மணிக்குக் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இசைவாணி போய்ச் சேர்வது அதனால்தான். அந்த வீச்சை எந்தத் தட்டும் தராது. ஆனால் வீச்சு வேறு, உடைமை வேறு. இந்த வேறுபாட்டை நமக்குக் கசப்பாகச் சொல்லிக்கொடுத்தது ‘எஞ்சாயி எஞ்சாமி’.

2021 மார்ச்சில் வந்த பாட்டு. அரக்கோணத்து அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை வைத்துக் கட்டியது. உடன் பாடியவர் தீ, இசை சந்தோஷ் நாராயணன். உலகம் முழுக்க ஓடியது. அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவின் முகம் இல்லை. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகு அவருக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு மேடையேறியது. அதில் தன் பங்கு என்ன என்று அவரே பொதுவெளியில் எழுத வேண்டி வந்தது, மற்ற இருவரும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், பாட்டு வெளியாகி மூன்று ஆண்டுகளாகியும் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட மாஜா நிறுவனம் வேறு விளக்கம் சொன்னது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை. கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு பாட்டில் யார் என்ன செய்தார்கள், யாருக்கு என்ன பங்கு என்பதைக் கையில் எடுத்துக் காட்ட ஒரு துண்டுத் தாள் ரசிகர்களிடம் இல்லை என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலை நாளைக்குத் திருத்தலாம், பாட்டையே எடுத்துவிடலாம். ஆயிரம் பேர் வீட்டில் இருக்கிற தட்டின் நடு லேபிளைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் நம் கலைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி பங்கை ஒப்பந்தம் போட்டும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாசித்தவர், பாடியவர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். ‘பாடல்: மரபு’ என்று போட்டுவிட்டால் கதை முடிந்தது. சாவு வீட்டில் அந்தச் சாவுக்கென்றே சொற்களைக் கோத்துக் கட்டிய ஒரு பாட்டியின் ஒப்பாரியை ஃபீல்டு ரெக்கார்டிங் என்று சுட்டு, கிடாருக்கு நடுவில் முப்பது வினாடி சேர்த்து, ‘மரபு’ என்று அடைப்புக்குறிக்குள் போடுகிற பழக்கம் முற்போக்கு இசைக்காரர்களிடமும் இருக்கிறது. கர்நாடக இசையில் இருநூறு ஆண்டுக்கு முந்திய கீர்த்தனைக்கும் இயற்றியவர் பெயரைச் சொல்லாமல் பாடமாட்டார்கள். நம் பாட்டிக்கு மட்டும் பெயர் ‘மரபு’.

பறையைத் தட்டில் ஏற்றுவதில் தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. தட்டில் ஒலி என்பது வெட்டிய பள்ளம். கனமான தாழ்ந்த ஒலிக்குப் பள்ளம் அகலமாக அலையும். அகலமாக அலைந்தால் ஒரு பக்கத்தில் கொள்ளும் நேரம் குறையும். பன்னிரண்டு அங்குல எல்.பி.யில் பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் நன்றாக ஒலிக்கும். கட்ட மோளத்தின் அடியை முழு உரத்தில் வேண்டும் என்றால் பாட்டைக் குறைக்க வேண்டும். பாட்டு நிறைய வேண்டும் என்றால் மோளத்தை அடக்க வேண்டும். எதை அடக்குவது என்று கலவை மேசையில் உட்கார்ந்திருப்பவர் எடுக்கிற முடிவு வெறும் தொழில்நுட்ப முடிவு இல்லை. சினிமாவில் பறையைப் பின்னால் தள்ளி வயலினை முன்னால் நிறுத்தியதை ஐம்பது வருடமாகக் கேட்டிருக்கிறோம். தட்டுக்கென்று தனியாகக் கலவை செய்யும்போது அந்த மேசையில் மோளம் அடித்தவரும் உட்கார வேண்டும். அவருக்குத்தான் தெரியும், தீயில் காய்ச்சிய தோல் எப்படிப் பேசும், காய்ச்சாத தோல் எப்படிப் பேசும் என்று.

அதைவிடப் பெரிய சிக்கல், அடிக்கவே கூடாது என்று முடிவெடுத்தவர்களைப் பற்றியது. வட மாவட்டங்களில் எத்தனையோ சேரிகள் சாவுக்குப் பறையடிப்பதை மறுத்துப் போராடியிருக்கின்றன. அதற்காக ஊர்க் கட்டுப்பாட்டையும் அடியையும் வாங்கியிருக்கின்றன. அம்பேத்கர் படம் மாட்டிய வீட்டில் பறையைப் பரணில் போட்டவர் ஒரு போராளி. அதே பறையைச் சென்னையில் படித்த பிள்ளைகள் விடுதலைக் கருவி என்று எடுத்து அடிக்கும்போது அவருக்குள் ஓடுகிற எண்ணத்தை நாம் மதிக்க வேண்டும். இரண்டு நிலைப்பாடும் நம்முடையவைதான். மறுத்தவரிடம் போய் ‘அழியப்போகிற கலை, ஒருமுறை அடியுங்கள், பதிவு செய்துகொள்கிறோம்’ என்று கெஞ்சுவது, ஆண்டை கேட்டதற்குப் பதில் நாம் கேட்பதாகத்தான் ஆகும். அவர் ஏன் நிறுத்தினார் என்று அவர் குரலில் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அதுவும் தட்டில் வரட்டும்.

சரி, பணம்? கறுப்பர்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1920களில் அமெரிக்கக் கம்பெனிகள் கறுப்பர்களின் பாட்டை ‘ரேஸ் ரெக்கார்டு’ என்று தனிப் பட்டியல் போட்டு விற்றன; பாடியவர்களில் பலருக்கு ஒரு தரம் கொடுத்த கூலியோடு சரி. 1921இல் ஹாரி பேஸ் நியூயார்க்கில் ‘பிளாக் ஸ்வான்’ என்று கறுப்பர்களுக்குச் சொந்தமான தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். டு பாய்ஸ் அதன் இயக்குநர் குழுவில் இருந்தார். சொந்தமாகத் தட்டு அச்சடிக்கும் ஆலையில் பங்கு வாங்கும்வரை போனார்கள். சில ஆண்டுகளில் பாரமவுண்ட் கம்பெனியிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டு மூட வேண்டி வந்தது. நின்று நிலைக்கவில்லை என்பதற்காக அது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. அங்கே பதிவு செய்த எதெல் வாட்டர்ஸின் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது, அவர் பெயரோடு.

நமக்கு ஆலை வேண்டாம். முன்னூறு தட்டு போதும். முன்பணம் வாங்கி அச்சடிப்பதை இண்டி குழுக்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. நகரத்து ரசிகர் 4,000 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தால் தாராளமாகக் கொடுக்கட்டும். அந்தப் பணத்தில் இன்னொரு பங்குத் தட்டுகள் விலையில்லாமல் அம்பேத்கர் படிப்பகங்களுக்கும் ரோஜா முத்தையா போன்ற ஆய்வு நூலகங்களுக்கும் போகட்டும். மாஸ்டர் பதிவின் உரிமை குழுவின் பெயரில், எல்லோருக்கும் பங்கு எழுதிய ஒப்பந்தத்தோடு இருக்கட்டும். படிப்பகத்தில் பிளேயர் இல்லை என்பீர்கள். உத்திரமேரூர்ப் பக்கம் மைக் செட் கடைகளில் விசாரித்துப் பாருங்கள், பழைய பிளேயர் ஒன்றிரண்டு பரணில் தூங்கிக்கொண்டிருக்கும். ஏப்ரல் 14 அன்று அதை இறக்கி, பெல்ட் மாற்றி, ஊசி மாற்றி, குழாயை எந்தத் திசையில் வேண்டுமானாலும் திருப்பிக் கட்டலாம்.

உறையின் பின்பக்கம் ஒரு குழப்பம் மிச்சமிருக்கிறது. சட்டி, கட்ட மோளம், பறை அடித்த ஒவ்வொருவர் பெயரையும் ஊரோடு அச்சிட வேண்டும் என்று நான் சொல்லிவருகிறேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் லைனில் பக்கத்தில் நிற்பவன் ‘நீ எந்தத் தெரு’ என்று சுற்றி வளைத்துக் கேட்கும்போது தப்பிக்கப் பழகியவர்கள் அவர்கள். அப்பாவின் பெயரும் ஊரும் பறைக்கு நேராக அச்சானால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அது கோழைத்தனம் என்று மேடையில் நின்று சொல்லிவிடலாம், லைனில் நிற்பது அவர்கள். ஆகவே அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். முழுப் பெயர் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள், பெயர் மட்டும் போதும் ஊர் வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள், வேறு பெயர் சொல்பவர்களும் இருப்பார்கள். சொன்னபடி அச்சிடுங்கள். பங்குப் பணம் மட்டும் உண்மைப் பெயரில் இருக்கிற வங்கிக் கணக்குக்குப் போகட்டும்.